குருவியின் அபானவாயுவும் ஆங்கிலேயரின் விடியலும்: ஒரு காலவியல் ஆய்வு

முன்னுரை

"நாளைக்கு ஃப்ளைட் எத்தனை மணிக்கு?" என்று லண்டனிலோ மெல்போர்னிலோ ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மணியைச் சொல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'அட் ஸ்பேரோஸ் ஃபார்ட்' என்பார். சிட்டுக்குருவி குசு விடும் நேரத்தில் என்பது இதன் நேர்ப்பொருள். விடிந்தும் விடியாததுமாக, நல்ல மனிதன் கண் விழிக்கக் கூடாத வேளையில் என்பது வழக்குப் பொருள். கேட்டவர் சிரிப்பதில்லை, விளக்கமும் கேட்பதில்லை. அலாரம் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

எந்தக் குருவி, எங்கே உட்கார்ந்திருந்தது, விட்டதா இல்லையா, விட்டதைக் காதால் கேட்டவர் யார்? இவற்றில் ஒன்றுக்கும் விடை தெரியாமலேயே ஒரு பெருங்கூட்டம் சரியான நேரத்துக்கு எழுந்து வண்டி பிடிக்கிறது. நீர்க்கடிகாரத்துக்கு நீர் வேண்டும். நிழற்கடிகாரத்துக்கு வெயில் வேண்டும். இந்தக் கடிகாரத்துக்கு மட்டும் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. இது எப்படி ஓடுகிறது என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம்.

வானியலார் சூரியனை ஆராய்ந்தார்கள். பறவையியலார் குருவியை ஆராய்ந்தார்கள். அகராதிக்காரர்கள் சொல்லை ஆராய்ந்தார்கள். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் துணிவு எவருக்கும் வரவில்லை. அறிவுலகில் இப்படியோர் இடைவெளி இருப்பதை இதுவரை யாரும் உணராதிருந்ததே அந்த இடைவெளியின் ஆழத்துக்குத் தக்க சான்று.

அவை நாகரிகம் கருதி, ஆய்வுக்குரிய செயல் இனி 'வாயு' என்றே குறிக்கப்படும்.

இயல் 1: ஆய்வு எல்லை

ஆங்கிலத்தில் விடியலுக்கு வழங்கும் பேச்சுவழக்குத் தொடர்கள் பல. அவற்றுள் மூன்றை இவ்வாய்வு காரணம் காட்டி விலக்குகிறது.

முதலாவது, அமெரிக்கர் சொல்லும் 'சன்-அப்'. சூரியன் மேலே வந்தது என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, 'கிராக் ஆஃப் டான்'. சாட்டையைச் சொடுக்கும் சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்குமோ அவ்வளவே நீளமுள்ள கணத்தில் விடியல் 'படீர்' என்று பிறக்கிறது என்பது இதன் கருத்து. கேட்க நன்றாக இருந்தாலும், அடிவானத்தில் அப்படியொரு சத்தம் கேட்டால் மக்கள் எழுந்து வேலைக்குப் போக மாட்டார்கள். ஊரைக் காலி செய்துகொண்டு ஓடுவார்கள். மூன்றாவது, வானம்பாடியோடு எழுவது என்று பொருள்படும் 'அப் வித் த லார்க்'. இது கண்ணியமானவர்களின் வழக்கு. வானம்பாடி வானத்தில் பாடுகிறது; அதனிடம் வேறெந்த ஒலியையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எஞ்சி நிற்பது குருவி. கூரை இடுக்கில் குடியிருந்து, கொட்டிய தானியத்தைப் பொறுக்கித் தின்று, மனிதனோடு ஒட்டியே வாழும் பறவை. பாட்டு என்று சொல்லிக்கொள்ள அதனிடம் ஒரே ஒரு 'ச்சிர்ப்'தான் உண்டு. உழைப்பாளி மக்கள் தம் விடியலுக்கு அடையாளமாகத் தம்மைப் போன்ற ஒன்றைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அதன் உடலில் எந்தப் பகுதியை அவர்கள் தேர்ந்தார்கள் என்பதே ஆய்வுக்குரியது.

இயல் 2: மூலச் சான்றுகள்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில் கிரேவன் என்றொரு வட்டாரம் உண்டு. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், ஆட்டு மந்தைகள், கல் அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்கள். ஸ்கிப்டன் அதன் சந்தை ஊர். அந்த வட்டாரத்து மக்கள் பேச்சைத் தொகுத்து வில்லியம் கார் என்ற பாதிரியார் 1828-இல் இரண்டு தொகுதிகளாகச் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். தம் பெயரைப் போடாமல், கிரேவன் மண்ணில் பிறந்தவன் என்று மட்டும் போட்டுக்கொண்டார். விடியலைக் குறிக்கும் சொல்லாக 'ஸ்பேரோ-ஃபார்ட்' ஏறிக்கொண்டது அந்தக் களஞ்சியத்தில்தான்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, அச்சில் ஏறுமுன்னே அது ஆட்டுக்காரர்கள் வாயில் நெடுநாள் புழங்கியிருக்க வேண்டும். யாரும் சொல்லாத சொல்லை ஒரு பாதிரியார் தாமாகப் புனைந்து அச்சேற்றமாட்டார். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது கிடைத்த பதில்களில் இச்சொல் இருந்திருக்கக்கூடும். இரண்டாவதற்குச் சான்றில்லை, ஆனால் ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது மரபு.

அடுத்த பெருஞ்சான்று இலக்கியத்திலிருந்து. 1922-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் கடைசி அத்தியாயம், மோலி ப்ளூம் படுக்கையில் கிடந்தபடி நிறுத்தாமல் நினைத்துக்கொண்டே போவது. அதில் 'ஸ்பேரோஃபார்ட்ஸ்' வருகிறது. ஆனால் விடியல் என்ற பொருளில் அல்ல. அரசியல் பேசித் திரியும் சில இளம்பெண்களை, ஒரு பொருட்டாக மதிக்கத் தகாதவர்கள் என்று மோலி ஒதுக்கித் தள்ளும் இடம் அது. ஆக, ஒரே சொல்லுக்கு நேரம் என்றும் அற்பம் என்றும் இரு பொருள். குருவியே சிறியது, அதன் வாயு அதனினும் சிறியது. காலத்தில் மிகச் சிறிய கணத்தையும் மதிப்பில் மிகச் சிறிய ஆளையும் ஒரே கோலால் அளந்தார்கள் என்க.

கடலைத் தாண்டிய சொல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேர்விட்டது. தாய்நாட்டில் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னதை அங்கே கூச்சமின்றிச் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்து, முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்து போரிட்ட எரிக் பார்ட்ரிட்ஜ் 1937-இல் ஆங்கிலக் கொச்சை மொழிக்கென்றே ஒரு பேரகராதி தொகுத்தார். அதற்குப் பிறகு இத்தகைய சொற்களை ஆராய்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இக்கட்டுரையும் அந்தத் தைரியத்தில் எழுந்ததே.

இயல் 3: இலக்கணம்

இத்தொடரை ஆங்கில இலக்கணத்தால் அளந்தால் ஒன்றும் தேறாது. தமிழ் இலக்கணத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று நுட்பங்கள் துலங்கும்.

முதல் நுட்பம் வேற்றுமை பற்றியது. 'ஸ்பேரோஸ்' என்பதன் இறுதியில் நிற்கும் 'ஸ்' கிழமைப் பொருள் தருவது. அதாவது நம் ஆறாம் வேற்றுமை. கிழமை இருவகைப்படும். சாத்தனது கை என்பதுபோல் உடையவனிடமிருந்து பிரிக்க முடியாதது தற்கிழமை. சாத்தனது பசு என்பதுபோல் பிரிக்கக் கூடியது பிறிதின்கிழமை. குருவியினது வாயு இவ்விரண்டில் எது? உள்ளே இருக்கும்வரை தற்கிழமை. வெளியே வந்துவிட்டால் பிறிதின்கிழமை. ஒரு கிழமை இன்னொரு கிழமையாக மாறும் அந்தச் சந்திதான் விடியல் என்று ஆங்கிலேயர் கொண்டனர் போலும். இரவும் பகலும் சந்திக்கும் பொழுதுக்கு இதைவிடப் பொருத்தமான வேற்றுமையைப் பாணினியும் காட்டியிருக்க முடியாது.

இரண்டாவது, இது தொழிலாகுபெயர். வற்றல் தின்றான் என்றால் வற்றும் தொழிலைத் தின்றான் என்று பொருளல்ல. வற்றிய பொருளைத் தின்றான். அதுபோல் இங்கே ஒரு செயலின் பெயர் அச்செயல் நிகழும் நேரத்துக்கு ஆகி வந்தது. கார் என்னும் பருவத்தின் பெயரைப் பயிருக்கு வைத்தவர்கள் நாம். ஆங்கிலேயர் தலைகீழாக, ஓர் உயிரின் பெயரையும் அதன் தொழிலையும் எடுத்துப் பொழுதுக்கு வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதே மிக முக்கியமானது: இடக்கரடக்கல். சபையில் சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் மறைத்துச் சொல்வது. நன்னூலார் இதைத் தகுதி வழக்கில் முதலில் வைத்தார். மேலாளர் முன்னாலோ மாமியார் முன்னாலோ பேசும் ஆங்கிலேயர் 'அட் ஸ்பேரோஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். குருவியினுடைய... அவ்வளவுதான். உருபு இருக்கிறது; உடைமை இல்லை. வாயு தொக்கி நிற்கிறது. கேட்பவரும் மீதியை மனத்துக்குள் நிரப்பிக்கொண்டு, நிரப்பாததுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார். இன்னும் சிலர் 'கிராக் ஆஃப் ஸ்பேரோஸ்' என்று இரண்டு வழக்கையும் கலக்கிறார்கள். முதல் இயலில் சாட்டைக்கு உரியதாகச் சொன்ன அந்த 'படீர்' இப்போது குருவியிடம் வந்து சேர்கிறது. நாகரிகம் கருதிச் செய்த மாற்றம் இருந்ததைவிட மோசமாக முடிந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இயல் 4: பறவையியல்

இனி உரியவரையே விசாரிப்போம். ஊர்க்குருவி எனப்படும் வீட்டுக்குருவிக்கு 1758-இல் லின்னேயஸ் அறிவியல் முறையில் பெயரிட்டார். நிறை ஏறத்தாழ 30 கிராம். ஆணுக்குக் கழுத்தில் கறுப்புத் துண்டு கட்டியதுபோல் ஓர் அடையாளம். இரவில் புதருக்குள்ளோ ஐவி படர்ந்த சுவரிலோ கூட்டமாக அடைகிறது.

இங்கிலாந்தில் வசந்த காலத்து விடியற்காலையில் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கொடுக்கும் சேர்ந்திசை புகழ்பெற்றது. அதில் ஒரு வரிசை உண்டு. இருட்டு கலையுமுன்பே பிளாக்பேர்ட், ராபின், திரஷ் ஆகியவை ஆரம்பித்துவிடும். ரென் முதலியவை பின்னால் வரும். பெரிய கண் உள்ள பறவை மங்கலான ஒளியிலும் பார்க்கும், ஆகவே முந்திப் பாடும் என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் குருவியோ இந்த வரிசையில் பின்தங்கிய ஆள். மற்றவை பாடி முடிக்கும் நேரத்தில்தான் இதன் 'ச்சிர்ப்' கேட்க ஆரம்பிக்கும். அதிகாலைக்கு அடையாளமாக ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்தது, இருக்கும் பறவைகளில் சற்றே சோம்பலானதை.

இதையும் மன்னிக்கலாம்; குரலுக்கு முன்பே வாயு வந்திருக்கலாம் அல்லவா என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்காகக் குருவியை அருகில் போய்ப் பார்ப்போம். ஐவிக் கொடியிலிருந்து ஆண்குருவி ஒன்று வெளியே வருகிறது. கூரையோரத்துத் தண்ணீர்க் குழாயின் விளிம்பில் உட்கார்கிறது. இறகை உப்பி ஒருமுறை உதறுகிறது. அலகை இரண்டு பக்கமும் தேய்க்கிறது. வாலை லேசாகத் தூக்குகிறது. இந்த இடத்தில்தான் மொழியியலார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்க வேண்டும். வருவது ஓசையல்ல: கருமையும் வெண்மையும் கலந்த ஒரு சிறு சொட்டு. வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். பறவைக்குச் சிறுநீருக்கென்று தனி வழி கிடையாது. எல்லாம் ஒரே வாசல். சொட்டு கீழே நிற்கும் காரின் கண்ணாடியில் விழுகிறது. குருவி பறந்துவிடுகிறது.

வாயு எங்கே? இல்லை. 2017-இல் எந்த விலங்கெல்லாம் வாயு விடும் என்று உயிரியலாளர்கள் சமூக ஊடகத்தில் தகவல் திரட்டத் தொடங்கினார்கள். டானி ரபையொட்டியும் நிக் கருசோவும் அதை 'டஸ் இட் ஃபார்ட்?' என்ற நூலாகவே ஆக்கினார்கள். பறவைகளுக்கு அங்கே கிடைத்த தீர்ப்பு: விடுவதில்லை. பாலூட்டிகளின் குடலில் உட்கார்ந்து உணவை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பறவைக் குடலில் அந்த அளவுக்குக் குடியேறுவதில்லை. தின்றது குடலில் தங்கும் நேரமும் குறைவு. பறக்கும் உடம்பு எதையும் வெகுநேரம் சுமப்பதில்லை. கிளி அப்படியொரு ஓசை எழுப்பியதைக் கேட்டதாகச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. அது வாயால் எழுப்பியது, வளர்த்தவரிடம் கற்றது.

ஆக இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு: இரு நூற்றாண்டுக்குக் குறையாமல் ஆங்கிலம் பேசும் உலகம் நாள்தோறும் எழுவது ஒருபோதும் நிகழாத ஒரு நிகழ்ச்சியின் நேரத்துக்கு. நம் அணியிலக்கணத்தில் இதற்கு இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். உலகில் இல்லாததை உவமையாகக் காட்டுவது இல்பொருள் உவமை. தண்டியாசிரியர் வாக்கில் அபூத உவமை. அதையொட்டி இதை அபூதக் காலப்பெயர் என்று இவ்வாய்வு வகைப்படுத்துகிறது.

இயல் 5: வானியல்

இங்கே ஒரு வாசகர் எழுந்து கேட்கலாம்: நடக்காத ஒன்றை வைத்து நேரம் சொல்வது அறிவீனம் அல்லவா? நியாயமாகச் சூரிய உதயத்தை வைத்துச் சொல்லலாமே? அவருடைய நம்பிக்கைக்குரிய சூரிய உதயத்தையும் சற்று உரசிப் பார்ப்போம்.

விடியல் எது என்பதில் வானியலாரே மூன்று கட்சி. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது தொடங்குவது வானியல் வைகறை. 12 பாகையில் தொடங்குவது மாலுமிகளுக்கானது. 6 பாகையில் தொடங்குவது குடிமக்களுக்கானது. விளக்கில்லாமல் வெளிவேலை பார்க்கலாம் என்பது அதன் கணக்கு. கிரேவன் வட்டாரம் வடக்கே ஏறத்தாழ 54 பாகையில் இருக்கிறது. ஜூன் பிற்பாதியில் அங்கே நள்ளிரவில்கூடச் சூரியன் 13 பாகை ஆழத்துக்கும் போவதில்லை. வானியலார் கேட்கும் முழு இருட்டு வருவதே இல்லை. இருட்டு வராத ஊரில் விடியல் எப்போது தொடங்கும்? ஆட்டுக்காரர்கள் குருவியிடம் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சூரிய உதயத்தையே எடுத்துக்கொண்டாலும் நிலைமை தேறவில்லை. அடிவானத்தில் காற்று ஒளியை வளைத்து, பொருளைச் சுமார் 34 கலை மேலே தூக்கிக் காட்டுகிறது. ஒரு பாகைக்கு 60 கலை. சூரிய வட்டத்தின் மொத்த அகலமே சுமார் 32 கலைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியன் முழுவட்டமாக எழுந்து அடிவானத்தைத் தொட்டு நிற்கிறது என்று நாம் கைகூப்பும் அந்த நேரத்தில், மெய்யான சூரியன் முழுதும் அடிவானத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. நாம் பார்ப்பது தூக்கிக் காட்டப்பட்ட பிம்பம். அதன் ஒளியும் எட்டு நிமிடத்துக்கு மேல் பழையது.

செய்தித்தாள் அச்சிடும் உதய நேரம் இந்தப் பிம்பத்தின் நேரமே. ஆகவே நிகழாத உதயத்தை நிமிடக் கணக்கில் அச்சிட்டுக் கொடுக்கும் உலகம், நிகழாத வாயுவைப் பார்த்துச் சிரிப்பது பாரபட்சம். இரண்டில் ஒன்றுக்கு அரசாங்க முத்திரை உண்டு, மற்றதற்கு இல்லை என்பதைத் தவிர அறிவியல் நோக்கில் வேறுபாடில்லை.

இயல் 6: சமூகவியல்

நிகழ்ச்சியும் இல்லை, உதயத்தையும் நம்ப முடியாது என்றால் இந்தத் தொடர் எந்த நேரத்தைத்தான் குறிக்கிறது? ஸ்கிப்டனில் ஜூனில் சூரியன் நாலரையைத் தாண்டியதும் தெரிந்துவிடும். டிசம்பரில் எட்டேகாலைத் தாண்ட வேண்டும். குருவி சூரியனோடு எழுவது. ஆகவே டிசம்பரில் குருவி நேரம் என்றால் எட்டே கால் என்று ஆக வேண்டும். ஆனால் எட்டே காலுக்கு எழுந்தேன் என்பதற்கு எந்த யார்க்‌ஷயர்காரரும் இச்சொல்லைச் செலவழிக்க மாட்டார். டிசம்பரிலும் அவர் சொல்வது ஐந்து மணியை, ஐந்தரையை. குருவி நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரம். எனவே இது வானத்து நேரம் அல்ல.

தடயம் வேறெங்கோ கிடைக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களில் அலாரக் கடிகாரம் வாங்க வசதியில்லாத காலத்தில், ஊரை எழுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்கள் இருந்தார்கள். 'நாக்கர்-அப்' என்று பெயர். நீண்ட இலேசான கழி, பெரும்பாலும் மூங்கில். நுனியில் கம்பி. அதனால் மாடி ஜன்னல் கண்ணாடியைச் சுரண்டுவார்கள். உள்ளே இருப்பவர் எழுந்து முகத்தைக் காட்டும்வரை நகரமாட்டார்கள். வாரத்துக்குச் சில பென்னி கூலி. லண்டனின் கிழக்குப் பகுதியில் மேரி ஸ்மித் என்ற பெண்மணி கழியை விட்டுவிட்டு, ஊதுகுழலில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னலுக்கு ஊதினார். அவர் அப்படி ஊதும் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. ஆலைச் சங்குக்கு நேரம் குறித்தவர் ஆலை முதலாளி. சங்குக்கு முன்னே எழுந்தவர்கள் தொழிலாளிகள். பட்டாணி பட்டு எழுந்தவர் வாயில் என்ன சொல் வந்திருக்கும் என்று ஆராய ஆவணக் காப்பகம் தேவையில்லை.

இதன் மறுமுனையில் வில்லியம் வில்லெட் இருக்கிறார். கட்டடம் கட்டி விற்றவர். கென்ட் பக்கத்தில் பெட்ஸ் வுட் காட்டில் விடியற்காலையில் குதிரையேறிப் போகும்போது, ஊர் முழுவதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவதைக் கண்டு மனம் பொறுக்காமல் 1907-இல் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளி, மொத்தம் 80 நிமிடம் மிச்சம் பிடிக்கலாம் என்பது அவர் திட்டம். நாடாளுமன்றம் சிரித்தது, 1915-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனி போர்க்கால நிலக்கரியைச் சேமிக்கக் கடிகாரத்தை மாற்ற, மூன்று வாரம் கழித்து இங்கிலாந்தும் மாற்றிக்கொண்டது. தான் எழுந்துவிட்டேன் என்பதால் மற்றவர்களும் எழ வேண்டும் என்று சட்டம் கேட்ட முதல் மனிதர் வில்லெட் அல்லர். இறந்த பிறகாவது கேட்டது கிடைத்தவர் அவர். பெட்ஸ் வுட்டில் அவருக்கு நினைவுச் சின்னமாக ஒரு நிழற்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அது குளிர்காலத்திலும் கோடை நேரத்தையே காட்டுகிறது.

வில்லெட்டின் எழுத்தில் விடியல் ஒளி, ஆரோக்கியம், சேமிப்பு. ஜன்னலுக்குள் இருந்தவர்களுக்கு அதே விடியல் குருவியின் வாயு. நேரம் ஒன்றே. யார் குறித்தது என்பதில்தான் வேறுபாடு.

உடலின் தூக்கக் கடிகாரத்தை ஆராய்வோரும் இந்தப் பாகுபாட்டிலிருந்து தப்பவில்லை. அதிகாலையில் சுறுசுறுப்பாக எழுபவரை வானம்பாடி என்றும், இரவில் விழித்திருப்பவரை ஆந்தை என்றும் பிரிக்கிறார்கள். 1976-இல் ஹார்னும் ஆஸ்ட்பெர்க்கும் அதற்கொரு வினாத்தாளே தயாரித்தார்கள். ஆந்தையாகப் பிறந்து, மேலாளரின் உத்தரவால் வானம்பாடி நேரத்துக்கு எழுபவருக்கு அதில் பறவை ஒதுக்கப்படவில்லை. அவரே குருவி.

இயல் 7: குருவியில்லா நாடு

மேற்கண்ட முடிவை உறுதி செய்ய ஒரு சோதனை தேவை. குருவியே இல்லாத இடத்தில் இத்தொடர் வழங்குமானால், குருவிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது நிறுவப்படும். நல்வாய்ப்பாக அப்படி ஓர் இடம் இருக்கிறது.

1863-இல் மெல்போர்ன் பக்கம் ஆங்கிலேயர் ஊர்நினைவாகக் குருவியை இறக்கிவிட்டார்கள். கிழக்கு ஆஸ்திரேலியா முழுவதும் அது பல்கிப் பெருகியது. மேற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் மட்டும் விழித்துக்கொண்டது. இந்தியாவின் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேலான அந்த மாநிலத்தில் குருவி குடியேற இன்றுவரை விடவில்லை. கப்பலில் ஒட்டிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கினாலும், நல்லார்பர் பாலைவெளியைத் தாண்டி வந்தாலும் தேடிப்பிடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். குருவியைக் கண்டால் தகவல் சொல்லுங்கள் என்று வேளாண் துறை மக்களைக் கேட்டுக்கொள்கிறது.

அந்த மாநிலத்தின் தலைநகர் பெர்த். பில்பரா இரும்புச் சுரங்கங்களுக்கு விமானத்தில் போய் வேலை பார்த்துத் திரும்பும் தொழிலாளிகள் அங்கே ஏராளம். இருட்டு விலகாத நேரத்தில் விமான நிலையத்துக்குப் போனால், பளிச்சென்ற ஒளிர்சட்டையும் கனத்த பூட்ஸுமாக ஒரு வரிசை, கையில் காப்பிக் கோப்பையோடு பாதித் தூக்கத்தில் நிற்கும். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று அவர்களைக் கேட்டால், சுற்றுவட்டாரத்தில் ஒரு குருவிகூட இல்லாத அந்த ஊரில், குருவியைச் சாட்சிக்கு இழுத்தே பதில் வரும்.

லண்டன் சான்றும் இதற்கு அரண். கென்சிங்டன் தோட்டத்தில் 1925-இல் மேக்ஸ் நிக்கல்சன் குருவிகளை எண்ணினார்: 2603. அதே தோட்டத்தில் 2000-இல் எண்ணியபோது எட்டு. ஏன் இப்படி ஆயிற்று என்று அறிவியல் விளக்கம் தருபவருக்கு 5,000 பவுண்டு பரிசு என 'தி இண்டிபெண்டன்ட்' நாளிதழ் அந்த ஆண்டு அறிவித்தது. 2002-இல் குருவி பிரிட்டனின் ஆபத்துக்குள்ளான பறவைகளின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. இந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் குருவி சரிந்த விகிதத்தில் அதிகாலை விமானங்கள் குறையவில்லை, பெருகின. தேவை பெருகப் பெருகச் சொல்லும் பெருகியது. குருவி மட்டும் அதில் பங்கு கேட்கவில்லை.

இயல் 8: காலம் காட்டும் இடைநிலை

இத்தொடர் வரும் வாக்கியங்களை வினைமுற்றின் காலப்படி பிரித்து அடுக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

எதிர்காலத்தில் வந்தால் புலம்பல். "நாளைக்குக் குருவி நேரத்துக்கு எழணும்" என்பவர் இரக்கத்தை எதிர்பார்க்கிறார். இறந்தகாலத்தில் வந்தால் பெருமை. "குருவி நேரத்துக்கே முழிச்சுட்டேன்" என்பவர் மரியாதையை எதிர்பார்க்கிறார்; பத்து மணிக்கு வந்து சேர்ந்த ஆளைப் பார்த்து இதைச் சொல்வது வழக்கம். நிகழ்காலத்தில் இத்தொடர் வருவதே இல்லை. "இதோ, இப்போது குருவி நேரம்" என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த நேரத்தில் எழுந்தவர் பேசும் நிலையில் இருப்பதில்லை என்பது ஒரு காரணம். நிகழாத ஒன்றுக்கு நிகழ்காலம் கிடையாது என்பது இலக்கணக் காரணம். நான்காம் இயலில் பறவையியல் சொன்னதும் இங்கே வினையியல் சொல்வதும் ஒன்றாகி நிற்பதைக் கற்றோர் கவனிக்க.

புறனடை ஒன்று உண்டு. மீன்பிடிக்கப் போகும் தூண்டிற்காரர்கள் எதிர்காலத்திலும் இதைச் சந்தோஷமாகவே சொல்வார்கள். நேரத்தைக் குறித்தவர்களும் அவர்களே, எழுபவர்களும் அவர்களே என்பதால் புலம்ப ஆளில்லை. விதி இதனால் உடையவில்லை, உறுதிப்படுகிறது.

தொகுப்புரை

'ஸ்பேரோஸ் ஃபார்ட்' குறிப்பது கடிகாரத்தில் ஒரு புள்ளியை அல்ல. ஒருவர் குறித்த நேரத்துக்கு இன்னொருவர் எழ வேண்டியிருக்கும்போது, அந்த இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை. அந்தத் தூரத்தை வாய்விட்டுச் சொன்னால் வேலை போகும். குருவியின் மேல் ஏற்றிச் சொன்னால் குருவிக்குக் கெட்ட பெயர், சொன்னவர் பிழைத்துக்கொள்வார். எதிர்த்துப் பேச முடியாத ஒரு 30 கிராம் உயிரை இதற்கு அமர்த்தியது உழைப்பாளி மக்களின் நுண்ணறிவு.

மேலாய்வுக்குரிய களங்கள் சில உள. குருவியின் வாயு உண்மையிலேயே இல்லை என்பதை ஒவ்வொரு பருவத்திலும் நேரில் கேட்டு உறுதி செய்தல் அவற்றுள் தலையாயது. இதற்கு நுண்ணிய ஒலிப்பதிவுக் கருவியும், ஐவி படர்ந்த ஒரு சுவரும், ஓர் ஆய்வு மாணவரும் தேவை. களத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை நெறியாளர் முடிவு செய்வார். சுவரடியில் போய் நிற்பவர் மாணவர். ஆகவே அது எந்த நேரம் என்று இங்கே தனியே எழுத வேண்டியதில்லை.